சைக்காலஜி படித்தால் வேலை கிடைக்குமா?

பி.எஸ்ஸி. சைக்காலஜி சேர்ந்த மாணவியிடம் ஊரும் உறவும் மூன்று கேள்விகள் கேட்கும். "எங்கே, இப்ப நான் என்ன நினைக்கிறேன்னு சொல்லு பாப்போம்" என்பது முதலாவது. "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கப் போறியா?" என்பது இரண்டாவது. "வேலை கிடைக்குமா?" என்பது மூன்றாவது.

முதல் இரண்டும் அசட்டுக் கேள்விகள், சிரித்துவிட்டுப் போகலாம். மூன்றாவது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான் வாயைத் திறப்பதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சந்திரமுகியில் (2005) ரஜினி சைக்காலஜிஸ்ட் இல்லை, சைக்கியாட்ரிஸ்ட். அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மனநல மருத்துவம் படித்து, மாத்திரை எழுதித் தருபவர். சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார். சோதனைகள் வைத்துப் பிரச்சினை என்ன என்று கண்டுபிடிப்பதும், பேச்சு மூலமும் பயிற்சி மூலமும் சிகிச்சை தருவதும் அவர் வேலை.

அந்த வேலைக்கு வர எவ்வளவு படிக்க வேண்டும்? பி.எஸ்ஸி. மூன்று வருடம், எம்.எஸ்ஸி. இரண்டு வருடம். இவ்வளவு படித்தும் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்ட முடியாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த இடத்தில், மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் இரண்டு வருட எம்.ஃபில். வேண்டும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஆக மொத்தம் ஏழு வருடம்.

"பேசறதுக்கும் கேக்கறதுக்கும் ஏழு வருஷமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தைராய்டு குறைந்தாலும் சோர்வு, தூக்கம், அழுகை எல்லாம் வரும். பார்வைக்கு அது மனச்சோர்வு போலவே இருக்கும். "செத்துடலாம் போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால், அது வெறும் அலுப்பா, இன்றிரவே நடக்கப்போவதா என்று கேட்டு அறியத் தெரிய வேண்டும். தப்பினால் ஓர் உயிர் போகும். பயிற்சிக் காலத்தைக் குறைக்கச் சொல்வது இந்தக் கட்டுரையின் வாதமே இல்லை.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஏழு வருடம் படி என்று சொன்ன அரசு, கடைசி இரண்டு வருடத்துக்கு இடம் எங்கே வைத்திருக்கிறது? அரசு நிறுவனங்களில் இருப்பவை விரல் விட்டு எண்ணும் அளவுதான், அதற்கு நாடு முழுவதிலுமிருந்து போட்டி. பணம் இருந்தால் தனியாரிடம் லட்சங்கள் கட்டிச் சேரலாம். இல்லாதவர் எம்.எஸ்ஸி.யோடு நின்று, ஹெச்.ஆர். வேலைக்கோ பி.எட்.டுக்கோ போய்விடுகிறார்.

அந்தக் கதவையும் எப்படி ஆட்டிப் பார்த்தார்கள் பாருங்கள். 2022ல் யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தையே ஒழித்தது. கிளினிக்கல் சைக்காலஜிக்கு அதுதான் தொழில் உரிமம் என்பது பிறகுதான் ஞாபகம் வந்ததுபோல. 2024 ஜனவரியில், இந்தப் படிப்புக்கு 2025-26 கல்வியாண்டு வரை அனுமதி என்று அறிவித்தார்கள். இப்போது கணக்குப் போடுங்கள். 2021ல் பி.எஸ்ஸி. சேர்ந்த மாணவி 2026ல் எம்.எஸ்ஸி. முடிக்கிறாள். அவள் வாசலுக்கு வந்து சேரும்போது, அறிவித்த கெடு முடிந்திருக்கும்! புதிய பட்டப்படிப்புகள் வருகின்றன என்பது உண்மைதான். ஆனால் பழைய வழியில் ஐந்து வருடம் நடந்து வந்தவளுக்கு, நடுவழியில் பாதையை மாற்றுவதன் பெயர் சீர்திருத்தமா?

2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் சைக்காலஜி நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. தடுத்துவிட்டது. தபாலில் வந்த புத்தகத்தை மட்டும் படித்து மனநலம் பார்க்கக் கூடாது என்பது சரியான முடிவு. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்களுக்கும், கல்யாணத்துக்குப் பிறகு படிக்க வந்த பெண்களுக்கும் இருந்த ஒரே வழி அது. அதை அடைத்தவர்கள், அரசுக் கல்லூரியில் ஒரு மாலை வகுப்பாவது திறந்திருக்க வேண்டாமா?

இன்னொரு பக்கம் தேவையைப் பாருங்கள். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல உத்தரவு. அத்தனை பேருக்கு எங்கே போவது?

எங்கேயும் போக வேண்டாம், ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்! வார இறுதியில் இரண்டு நாள் வகுப்பு, கையில் ஒரு சான்றிதழ், பெயருக்கு முன்னால் 'கவுன்சலர்'. முறையான வழியைக் குறுக்கினால் கூட்டம் குறுக்கு வழியில்தான் போகும். பதிவில்லாமல் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகத் தொழில் செய்தால் 1992 மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! சில ஊர்களில் ஒரு மணி நேர கவுன்சலிங் கட்டணமே அதைவிட அதிகம்.

பயிற்சி பெற்ற ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பிடித்த தீயில் 28 மனநோயாளிகள் மாண்டார்கள். பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல, வேறு போக்கிடம் தெரியாதவர்கள்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மனநலப் பிரிவு உள்ள ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் கிளினிக்கல் சைக்காலஜி பயிற்சி இடங்கள் வேண்டும். எம்.பி.பி.எஸ். பயிற்சி மருத்துவருக்குக் கொடுப்பது போல உதவித்தொகை வேண்டும். பழைய பாதையில் இருக்கும் கடைசி மாணவர் முடிக்கும் வரை அந்தப் பாதை திறந்திருக்க வேண்டும். தமிழில் அழுபவரிடம் தமிழில் பேசப் பழகும் பயிற்சியும் பாடத்தில் வேண்டும்.

இவை நடக்காத வரை, "வேலை கிடைக்குமா?" என்ற கேள்வியை மாணவியிடம் கேட்காதீர்கள். வேலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதைச் செய்யக் கற்றுக்கொள்ள ஏன் இடம் இல்லை என்று அரசிடம் கேளுங்கள்.