யார் மறந்த படங்கள்?

"நல்ல படத்தைக் காலம் கைவிடாது." சினிமா ஆர்வலர்களோடு பத்து நிமிடம் பேசினால் இந்த வரி எப்படியும் வந்துவிடும். தரமானது நிற்கும், மற்றது உதிர்ந்துபோகும், காலம்தான் நீதிபதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே குரலை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம். கல்லூரிச் சேர்க்கையில், வேலை நேர்காணலில், இடஒதுக்கீடு பற்றிய ஒவ்வொரு டீக்கடைப் பேச்சிலும். அங்கே அதற்குத் 'தகுதி, திறமை' என்று பெயர். சினிமாவுக்குள் வரும்போது 'கிளாசிக்' என்று சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது.

பழைய படங்களைத் தேடிப்பிடித்து, கீறல் நீக்கி, ஒலியைச் சரிசெய்து, வீட்டில் பார்க்கும் வட்டாக விற்கும் தொழில் மேற்கில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. லேசர் டிஸ்க், டிவிடி, ப்ளூரே, இப்போது 4கே. அந்த அட்டைகளில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: கிளாசிக், கல்ட், மறக்கப்பட்ட. நமக்கு உறுத்துவது மூன்றாவது சொல். மறந்தவர் யார் என்று சொல்லாமலே தப்பித்துக்கொள்ளும் சொல் அது. 'இருதரப்பு மோதலில் குடிசைகள் எரிக்கப்பட்டன' என்று நாளிதழ்கள் எழுதுமே, அதே இலக்கணம்.

கருப்பின அமெரிக்கர்களின் படங்களை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரை எங்கிருந்து எடுத்தார்கள் என்று யோசியுங்கள்.

ஆஸ்கர் மிஷோ. நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த கருப்பின இயக்குநர். 1915இல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' கருப்பின ஆண்களைக் காமவெறியர்களாகவும் கு க்ளக்ஸ் க்ளானை வீரர்களாகவும் காட்டியது. அந்தப் படம் ஒருநாளும் தொலைந்ததில்லை. திரைப்படப் பள்ளிகளில் பாடமாக இருந்தது, இருக்கிறது. 1920இல் மிஷோ எடுத்த 'விதின் அவர் கேட்ஸ்' பல பத்தாண்டுகள் கண்ணில் படவே இல்லை. கடைசியில் ஸ்பெயினில் உள்ள ஆவணக்காப்பகத்தில் 'லா நெக்ரா' என்ற தலைப்பில் ஒரே ஒரு பிரதி கிடைத்தது. இடையில் ஒரு பகுதி இல்லை. எழுத்து அட்டைகள் ஸ்பானிய மொழியில் இருந்தன. அவற்றைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து, 1993இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் படத்தை மீட்டது. ஒரு மக்கள் தங்கள் சொந்தச் சொற்களையே அந்நிய மொழியிலிருந்து மொழிபெயர்த்துப் படிக்க வேண்டியிருந்தது.

அந்தப் படத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தெற்கு மாநிலத்தில் ஒரு கருப்பினக் குத்தகை விவசாயி. அவர் எடுத்து வளர்த்த மகள் சில்வியா படித்தவள். பண்ணையார் ஏமாற்றிவிடாமல் இருக்க அப்பாவுக்காகக் கணக்கு எழுதுகிறாள். அந்தக் கணக்கோடு அப்பா பண்ணையாரிடம் போகிறார். வாக்குவாதம் நடக்கும் நேரத்தில் பண்ணையாரைச் சுட்டுக் கொல்வது ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரு வெள்ளைக்காரன். பழி விவசாயி மேல் விழுகிறது. அவரையும் மனைவியையும் கும்பல் தூக்கிலிடுகிறது. அவர்கள்தான் குற்றவாளிகள் என்று பத்திரிகை எழுதுகிறது. பண்ணையாருக்கு விசுவாசமாகக் காட்டிக்கொடுத்த கருப்பின வேலையாளையும் அந்தக் கும்பல் விட்டுவைக்கவில்லை.

நாங்கள் மாலைப் படிப்பு மையத்தில் இந்தப் படத்தைத் திரையிட்டபோது ஒலியே இல்லாத படத்தை யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள் என்று சந்தேகம் இருந்தது. கணக்கு நோட்டு வரும் இடத்தில் பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் விளக்கம் கேட்கவில்லை. அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டதற்காக 44 பேரை எரித்த மாவட்டத்தின் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டிய தேவையும் இல்லை.

வெள்ளை இனவெறியர்கள் 1920இல் இந்தப் படத்தைப் பார்த்து அஞ்சினார்கள். 1919இல் சிகாகோவில் நடந்த இனக்கலவரத்தைக் காரணம் காட்டி அங்கே தணிக்கையாளர்கள் முதலில் அனுமதி மறுத்தார்கள், பின்பு வெட்டினார்கள். பல ஊர்களில் எதிர்ப்பு. இதன் பெயர் மறதியா?

அடுத்து 'கல்ட்' என்ற சொல். பில் கன் என்ற கருப்பின எழுத்தாளர்-இயக்குநரிடம் ஒரு நிறுவனம், ரத்தக்காட்டேரிப் படம் எடுத்துத் தரச் சொல்கிறது. 'பிளாக்யுலா' ஓடிய காலம், அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்ற கணக்கு. அவர் எடுத்துக் கொடுத்தது 'கேஞ்சா அண்ட் ஹெஸ்'. மதம், அடிமை வரலாறு, போதை என்று போகும் ஒரு விசித்திரமான, அழகான படம். 1973இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? வேறு நிறுவனத்துக்கு விற்றார்கள். அந்த நிறுவனம் படத்தை வெட்டி ஒட்டி 'பிளட் கப்பிள்' என்று பெயர் வைத்து ஓட்டியது. பிறகு வீடியோ கேசட் காலத்தில் விதவிதமான பெயர்களில் அந்தச் சிதைந்த வடிவம்தான் கடைகளில் கிடந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் முழுப்பிரதி ஒன்று இருந்ததால் தப்பித்தது. பின்னாளில் கீனோ லார்பர் அதை ப்ளூரேயாக வெளியிட்டது. இன்று அது 'கல்ட் கிளாசிக்'. உயிரோடு இருந்தபோது அவர் கையிலிருந்து பிடுங்கி, செத்தபிறகு மாலை போட்டு விற்கிறார்கள். அம்பேத்கருக்குச் சிலை வைத்துவிட்டுக் கூண்டும் வைக்கும் ஊரில் வாழும் நமக்கு இந்த மரியாதை புதிதல்ல.

சார்லஸ் பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' கதையில் வில்லனே கிடையாது, அதனால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில், இறைச்சிக்கூடத்தில் ஆடு அறுக்கும் தொழிலாளியின் அன்றாடம். பல்கலைக்கழகப் படிப்புக்காக 1970களில் எடுத்த படம். செலவு சுமார் 10,000 டாலர். 1990இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் கிடைத்தது. ஆனால் மக்கள் பார்க்க முடியவில்லை. படத்தில் வரும் பாடல்களுக்கு உரிமை வாங்கவில்லை. மைல்ஸ்டோன் என்ற சிறிய நிறுவனம் அந்த உரிமைகளுக்கு மட்டும் சுமார் 1,50,000 டாலர் கட்டி 2007இல் வெளியிட்டது. படம் எடுத்த செலவைப்போல் 15 மடங்கு. யாரும் இங்கே தடை போடவில்லை. பணமும் காகிதமும் போதுமானதாக இருந்தது. நம் பிள்ளைகள் கல்லூரிக்குள் போன பிறகும் விடுதிக்கட்டணத்தில், சான்றிதழில், கால தாமதமாகும் உதவித்தொகையில் சிக்கி வெளியேறுவது போலத்தான்.

கேத்லீன் காலின்ஸ் என்ற கருப்பினப் பெண் 1982இல் எடுத்த 'லூசிங் கிரவுண்ட்' அவர் இருந்தவரை அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியாகவே இல்லை. 1988இல் 46 வயதில் இறந்துபோனார். மகள் லேபிலிருந்து நெகட்டிவை மீட்டதால்தான் 2015இல் திரைக்கு வந்தது, பிறகு வட்டாக. மகள் இல்லாதிருந்தால்?

'காலம் தீர்ப்பளிக்கும்' என்பவர்களிடம் நாம் வைப்பது இந்தப் பட்டியல்தான். ஸ்பெயினில் ஒரு பிரதி, அருங்காட்சியகத்தில் ஒரு பிரதி, மகள் ஒருத்தி. காலம் இதில் எந்த வேலையும் செய்யவில்லை. 2020இல் நியூயார்க் டைம்ஸ் எண்ணிப்பார்த்தது: கிளாசிக் படங்களுக்கு முத்திரை குத்தும் நிறுவனமாகக் கருதப்படும் க்ரைடீரியன், 1984 முதல் வெளியிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் ஆப்பிரிக்க-அமெரிக்க இயக்குநர்கள் நான்கே பேர். நான்கு! இவ்வளவுக்கும் அங்கே இருப்பவர்கள் வெளிப்படையான இனவெறியர்கள் அல்ல, படித்த, நல்ல ரசனையுள்ளவர்கள். ரசனை என்பது எவ்வளவு தூரம் சாதியைப்போல வேலை செய்யும் என்பதற்கு சமூகவியல் வகுப்பில் பூர்தியூவைப் படிக்கும் மாணவர்கள் இந்த எண்ணை உதாரணமாக எழுதலாம்.

இதற்காக நாம் இந்த வட்டுகளை வேண்டாம் என்று தூக்கிப்போடச் சொல்லவில்லை. 2016இல் கீனோ லார்பர் வெளியிட்ட ஆரம்பகால ஆப்பிரிக்க-அமெரிக்கப் படங்களின் ஐந்து வட்டுத் தொகுப்பு ஒரு பெரிய காரியம். பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டிச் செய்தார்கள், மிஷோவின் படங்களும் அதில் உண்டு. நமக்கு அதில் மிகவும் பிடித்தது சினிமாவே இல்லாத ஒரு பகுதி. எஸ்.எஸ். ஜோன்ஸ் என்ற கருப்பினப் போதகர் 1920களில் ஓக்லஹோமாவில் கையடக்கக் கேமராவால் எடுத்தவை. சர்ச்சிலிருந்து வெளியே வரும் மக்கள், கடை முதலாளிகள், பள்ளிப் பிள்ளைகள். நல்ல உடை உடுத்தி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். 1921இல் டல்சாவில் கருப்பினக் குடியிருப்பையே எரித்த அதே மாநிலத்தில், எரித்த சில ஆண்டுகளுக்குள் எடுத்த படம் இது. அழிக்க நினைத்தவர்கள் நடுவில் நாங்கள் இப்படி வாழ்ந்தோம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் பக்கம் திரும்புவோம். இங்கே எது மீட்கப்பட்டது? 2012இல் 'கர்ணன்' டிஜிட்டலில் புதுப்பித்து வெளியாகி ஓடியது. தொடர்ந்து எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் வரிசையாக வந்தன. வரட்டும். அதற்கு முன்பு 2007இல் மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று கொண்டுவந்தபோது காலனி வீடுகளிலும் படங்கள் வந்து சேர்ந்தன, அதையும் மறுக்கவில்லை. ஆனால் மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே. ரோசியை எந்த வட்டில் பார்ப்பீர்கள்? புலையர் பெண், ஜே.சி. தானியேலின் 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தில் திரையிட்டபோது ஆதிக்கசாதியினர் கல்லெறிந்து கலாட்டா செய்தார்கள், அவருடைய குடிசையை எரித்தார்கள். நாகர்கோவில் பக்கம் தப்பி வந்து, நடிகை என்ற அடையாளமே இல்லாமல் வாழ்ந்து முடித்தார். அவர் நடித்த படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தென்னிந்திய மௌனப் படங்களில் ஏறக்குறைய முழுமையாகக் கிடைப்பது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். ராஜாவின் கதை. நாவலின் பதிப்பாளர் உரிமைவழக்குப் போட்டதால் பிரதி அவர்கள் வசம் போய், 1974இல் பூனா ஆவணக்காப்பகத்துக்குச் சேர்ந்தது. ராஜா வழக்கினால் பிழைத்தார். ரோசிக்கு வழக்குப் போடக்கூட ஆளில்லை.

"ஆணவக்கொலை நடக்கிறது, மலக்குழிச் சாவு நடக்கிறது, இப்போது பழைய படமா?" என்று நம் தோழர்களே கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 1999 ஜூலை 23, தாமிரபரணி. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைக் காவல்துறை ஆற்றுக்குள் விரட்டியது, 17 பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையம் காவல்துறையின் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. அதற்கு எதிராக நம்மிடம் இருப்பது என்ன? மக்களின் வாய்மொழி, கொஞ்சம் வீடியோக் காட்சிகள், ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்'. கீழ்வெண்மணிக்கு பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை'. மலம் அள்ளும் தொழிலாளர்களுக்கு திவ்யபாரதியின் 'கக்கூஸ்', அதையும் பல ஊர்களில் திரையிட விடாமல் தடுத்தார்கள். நம்முடைய கிளாசிக் வரிசை இதுதான். தெருமுனையில் வெள்ளை வேட்டி கட்டிப் போட்டுப் பார்த்தோம், மாநாட்டு வாசலில் பாலித்தீன் உறையில் வட்டாக வாங்கினோம். இவற்றுக்கு 4கே செய்து தர எந்த நிறுவனமும் வரப்போவதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் அலுவலக அலமாரியில் இருந்த விசிடிகளை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். ஊர்க்கூட்டங்கள், உண்மையறியும் குழுவின் பதிவுகள், ஒரு இரங்கல் கூட்டம். மூன்றில் ஒன்று ஓடவில்லை. வெள்ளிப்பூச்சு உரிந்திருந்தது. பேசியவர்களில் சிலர் இப்போது இல்லை. மினி டிவி கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, ஓட்டிப் பார்க்கக் கேமரா இல்லை.

ஆகவே விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் ஒரு வேலை. வீட்டில், படிப்பகத்தில், பழைய இயக்கத் தோழர் வீட்டுப் பரணில் வட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். விசிடியைக் கணினியில் போட்டால் எம்பெக்ஏவி என்று ஒரு கோப்புறை வரும், உள்ளே டாட் என்று முடியும் கோப்பு. அதுதான் படம். அப்படியே நகலெடுங்கள், மாற்றவோ சுருக்கவோ வேண்டாம். ஒரு டிரைவில் வரவில்லை என்றால் வேறு கணினியின் டிரைவில் முயலுங்கள், பல நேரம் வரும். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. இணையத்தில் ஏற்றுவதற்கு முன் படத்தில் முகம் தெரிகிறவர்களிடம் கேளுங்கள், சில வழக்குகள் இன்னும் நடக்கின்றன. எடுத்தவர் யார், எந்த ஊர், எந்தத் தேதி, பேசுகிறவர் பெயர் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.