எதிரணிக்கும் ஓர் இருக்கை



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளிலிருந்து பணி முடித்துத் திரும்பும் தொழிலாளரின் கைப்பேசிகளில் அரசியல் மேடைப் பேச்சுகள் ஒலிப்பதைக் கேட்கிறோம். கொள்கை என்ன, திட்டம் என்ன என்பதைவிட, யார் யாரை எவ்வாறு இழித்துரைத்தார் என்பதே பலருக்குச் சுவையாகிவிட்டது. மேடையில் பிறந்த வசைச்சொல் மறுநாளே வீட்டிற்குள் நுழைந்து, பிள்ளைகளின் நாவில் அமர்ந்துகொள்கிறது. இதனைச் சிறு குறையென்று நாம் ஒதுக்கிவிடலாகாது.

அரசியலில் கடும்போட்டி இப்பகுதிக்குப் புதிதன்று. 1967 பொதுத் தேர்தலில், அப்போது முதலமைச்சராக இருந்த பக்தவத்சலம் இந்த ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில்தான் தோற்றார். அத்தேர்தலில் வென்று ஆட்சியமைத்த அண்ணா, அருகிலுள்ள காஞ்சிபுரத்தில் பிறந்தவர். 1949-இல் அவர் பெரியாரைப் பிரிந்து தி.மு.கழகத்தைத் தொடங்கினார், எனினும் கட்சியின் தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்றே காலியாக விட்டு, தாம் பொதுச் செயலாளராகவே பணியாற்றினார். பிரிந்து சென்றவர்களைப் பெரியார் 'கண்ணீர்த்துளிகள்' என்று ஏளனம் செய்தார். 1967 தேர்தலிலும் காங்கிரசையே ஆதரித்தார். ஆயினும் வெற்றி பெற்ற அண்ணா, திருச்சிக்குச் சென்று அவரை நேரில் கண்டார்.

பெரியாருக்கும் இராஜாஜிக்கும் இருந்த நட்பும் இத்தகையதே. ஒருவர் கடவுள் மறுப்பாளர்; மற்றவர் இராமாயணத்தைத் தமிழில் எழுதிய பக்தர். பின்னாளில் அரசியலில் எதிரெதிர் முகாம்களில் நின்றவர்கள். 1972 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாளன்று இராஜாஜி மறைந்தபோது, 93 வயதான பெரியார் இறுதிச் சடங்கிற்கு வந்து கண்ணீர் வடித்தார்.

அக்காலத்தில் எல்லாரும் பண்போடு பேசினர் என்று நாம் சொல்லவில்லை. அன்றைய மேடைகளிலும் இழிசொற்கள் இருந்தன. ஆனால் கருத்தை எதிர்ப்பது வேறு, மனிதரை வெறுப்பது வேறு என்பதைத் தலைவர்கள் அறிந்திருந்தனர். அந்த எல்லை பின்னர் அழியத் தொடங்கியது. 1989 மார்ச் 25 அன்று, வரவுசெலவுத் திட்டம் படிக்கப்பட்ட நாளில், சட்டமன்றத்திற்குள்ளேயே கைகலப்பு நிகழ்ந்ததை நாடே கண்டு நாணியது.

பண்பாகப் பேசுவோர் கோழைகள் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. 2024 செப்டம்பர் 9 அன்று, சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர் தங்கள் சங்கத்திற்கு அங்கீகாரம் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கசப்பு மிகுந்த அந்தப் போராட்டம் 37 நாள் நீடித்தது. தமிழக அமைச்சர்கள் நடத்திய பேச்சுவார்த்தைக்குப் பிறகே அது முடிவுக்கு வந்தது. தங்கள் உரிமையைக் கேட்பதில் தொழிலாளர் தளரவில்லை. ஆயினும் தீர்வு பேச்சின் வழியே வந்தது. இன்று எதிர்த்து நிற்பவரோடு நாளை அமர்ந்து பேசவேண்டிய நிலை எவருக்கும் வரும். நேற்றுச் சொன்ன வசை அப்போது இடையில் வந்து நிற்கும்.

இன்னொன்றும் நம் கவலைக்குரியது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் நம் தெருக்களில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். இந்தித் திணிப்பை எதிர்ப்பது ஒரு கொள்கை. அதற்காக, அடுத்த வீட்டில் வாழும் ஓர் ஏழைத் தொழிலாளியைப் பெயர் சொல்லி அழையாமல் 'வடக்கன்' என்று இகழ்வது கொள்கையன்று. மேடைகளில் கேட்ட ஏளனத்தைப் பிள்ளைகள் அம்மனிதர்மீது வீசுகையில், நாம் சிரித்துவிட்டு வாளாவிருப்பது தகுமா?

பெற்றோரே, நீங்கள் ஆதரிக்காத கட்சியின் தலைவரைப் பற்றிப் பேசும்போதும் 'அவர்' என்றே சொல்லுங்கள். ஒருவரின் நிறம், உடல், சாதி, குடும்பம் ஆகியவற்றைக் கேலி செய்யும் காணொளி வந்தால், அதைப் பிறருக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுங்கள். வாக்குக் கேட்டு வருபவர் பிறரைத் திட்டினால், குடிநீருக்கும் சாலைக்கும் என்ன செய்வார் என்று கேளுங்கள். வசைக்குக் கைதட்டல் கிடைக்காத ஊரில் வசை நெடுநாள் நிலைக்காது. அந்தக் கைதட்டலை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.