தன்மையா, படர்க்கையா?

நம் சபையின் வாலிபர் பலர் இப்போது பள்ளியிலும் நண்பர் வீடுகளிலும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுகிறார்கள். அறியாத பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்லுவோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, அது என்ன செய்கிறது என்று சொல்லுவார்கள். வெற்றியா தோல்வியா என்று தெரியாத இடத்தில் 20 முகங்கள் கொண்ட பகடையை உருட்டுவார்கள். மற்றதெல்லாம் பேச்சுத்தான்.

அந்தப் பேச்சு இரண்டு விதமாக வரும். "நான் காவலாளியை ஏமாற்றி உள்ளே போகிறேன்" என்பார் ஒருவர். "என் திருடன் காவலாளியை ஏமாற்றி உள்ளே போகிறான்" என்பார் மற்றவர். தமிழ் வகுப்பில் படித்த தன்மையும் படர்க்கையும்தான். முதல் வாக்கியம் காதில் விழுந்தால் அடுத்த அறையிலுள்ள அம்மாவுக்கு மனம் பதறுகிறது. வாலிபருக்குள்ளேயோ, குரலை மாற்றி "நான்" என்று பேசுகிறவர்தான் கெட்டிக்காரர் என்ற எண்ணம் உண்டு. இரண்டுமே சரியல்ல என்பது எங்கள் கருத்து.

முதலில் பெற்றோருக்கு. கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோதாக நிற்கும் தம்பி, குழந்தைகளைக் கொல்லும்படி "நான் கட்டளையிடுகிறேன்" என்கிறான். நாம் கைதட்டுகிறோம். அவன் மனம் கெட்டுவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. தாதியர் படிப்பிலும் இது உண்டு. வகுப்பில் ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் தாதியாகவும் இருந்து, கெட்ட செய்தி சொல்லிப் பழகுகிறோம். "எனக்கு இனி என்ன ஆகும்?" என்று நோயாளியாக நாமே கேட்கும்போதுதான் அந்தக் கேள்வியின் பாரம் விளங்குகிறது. "நான்" என்று பேசுவது இன்னொருவரின் இடத்தில் நின்று பார்க்கும் பயிற்சியாகவும் அமையலாம்.

இனி வாலிபருக்கு. 2014இல் வந்த இந்த விளையாட்டின் கையேடு இரண்டு முறைகளையும் விளக்குகிறது. பெரும்பாலானவர்கள் இரண்டையும் கலந்தே பேசுவார்கள் என்றும், தமக்குப் பொருந்துவதைப் பின்பற்றலாம் என்றும் சொல்கிறது. நீங்கள் பார்க்கும் 'கிரிட்டிக்கல் ரோல்' நிகழ்ச்சியில் விளையாடுகிறவர்கள் குரல் நடிகர்கள். குரல் மாற்றிப் பேசுவதே அவர்கள் தொழில். அதை அளவுகோலாக வைத்து, பேசக் கூச்சப்படும் ஒரு தங்கையை "நீ அவளாகவே பேசு" என்று நெருக்கலாமா?

படர்க்கைக்கும் தனிப் பயன் உண்டு. பணி மாறும் நேரத்தில் நோயாளியைப் பற்றி அடுத்த தாதிக்கு நாங்கள் "அவருக்கு இப்படி இருக்கிறது, இதைச் செய்தோம்" என்று ஒப்புவிக்கிறோம். அந்தச் சிறு தூரம் இருப்பதால் எதையும் தவறவிடாமல் சொல்ல முடிகிறது. விளையாட்டிலும் மரணம், துரோகம் போன்ற பாரமான காட்சி வரும்போது "அவள் அழுகிறாள்" என்று சொல்லி நகர்வது சிலருக்கு இலகு. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் நேரே குற்றத்தைச் சொல்லவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த ஒருவனுடைய கதையைச் சொன்னார். யாரோ ஒருவனின் கதை என்று நினைத்ததால்தான் தாவீது நியாயமாகத் தீர்ப்புச் சொன்னான். அதன் பிறகே அந்த மனிதன் அவன்தான் என்று நாத்தான் காட்டினார்.

அந்தக் கடைசிப் படியை நாம் விட்டுவிடக் கூடாது. பல மேசைகளில் கேட்கும் ஒரு சாக்கு இருக்கிறது: "நான் என்ன செய்ய? என் பாத்திரம் அப்படிப்பட்டவன்." இதைச் சொல்லிக்கொண்டு கூட்டாளியின் பொன்னைத் திருடுவார்கள், ஒரே பிள்ளையின் பாத்திரத்தை வாரந்தோறும் கேலி செய்வார்கள். திருடனை உருவாக்கியதும் அவன் யாரிடம் திருட வேண்டும் என்று தீர்மானிப்பதும் விளையாடுகிறவரே. "அவன் செய்தான்" என்று சொன்னாலும், எதிரே முகம் வாடியிருப்பது நிஜமான நண்பர். பாத்திரம் பொய் சொல்வதும் சண்டையிடுவதும் கதைக்குள் நடப்பவை. நண்பரை நோகடிப்பது கதைக்கு வெளியே நடப்பது. அதற்கு நாம்தான் பொறுப்பு.

ஆகவே வாலிபரே, விளையாட்டைத் தொடங்குமுன் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளுங்கள்: யாருக்கு எப்படிப் பேச விருப்பம், எந்தக் காட்சி வேண்டாம், யாராவது நிறுத்தச் சொன்னால் எப்படி நிறுத்துவது? பெற்றோரே, "ஏன் 'நான்' என்று சொன்னாய்?" என்று கேட்பதை விட்டு, "இன்றைக்கு எல்லாருக்கும் பேச இடம் கிடைத்ததா? யாராவது மனம் நொந்து போனார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் ஒரு நாள் நீங்களும் அந்த மேசையில் உட்காருங்கள். பகடையை எப்படி உருட்டுவது என்று பிள்ளைகள் சொல்லித் தருவார்கள்.