கோச்சை மாத்துனா கோல் விழுமா?

நேத்து ஆபீஸ்ல ஆணி புடுங்குற கேப்புல ஒரு நண்பர் எடுத்து விட்டார். "ஓவன் காயில் மாதிரி ஒரு கோச் வந்தா போதும் பாஸ், எந்த டீமும் தேறிடும்." இந்த டயலாக்கைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஏன்னு சொல்றேன், கேளுங்க.

அவர் சொன்னதுல பாதி உண்மைதான். 2019 நவம்பர்ல சென்னையின் எஃப்.சி. ஆறு மேட்ச்ல ஒண்ணே ஒண்ணுதான் ஜெயிச்சிருந்துச்சு. ஜான் கிரிகோரி விலகினார். டிசம்பர்ல காயில் வந்தார். அதே பசங்களை வச்சே 2020 மார்ச்ல ஃபைனல் வரைக்கும் போனார். அதுல ஏ.டி.கே. கிட்ட 3-1னு தோத்தாலும் பெரிய விஷயம்தான். ஒத்துக்கறேன்.

அதுக்கப்புறம் நடந்ததை ஏன் யாரும் பேச மாட்டேங்கறாங்க? காயில் ஜாம்ஷெட்பூர் போனார். அந்த சீசன்ல 15 கோல் அடிச்ச வால்ஸ்கிஸும் பின்னாடியே போயிட்டார். சென்னைக்கு லாஸ்லோ வந்தார், எட்டாவது இடம். பாண்டோவிச் வந்தார், பாதியிலயே அனுப்பினாங்க, எட்டாவது இடம். பர்தாரிச் வந்தார், எட்டாவது இடம். மூணு சீசன், மூணு கோச், அதே எட்டு!

சரி, 2023ல காயிலையே திரும்பக் கூட்டிட்டு வந்தாங்களே? முதல் சீசன் ஆறு, அடுத்த சீசன் பதினொண்ணு. இதே மனுசன் ஜாம்ஷெட்பூர்லயும் முதல் சீசன் ஆறாவதுதான். ஆனா 2021-22ல லீக் ஷீல்டே வாங்கிக் கொடுத்தார். ஆள் ஒண்ணுதானுங்க. அவர் கையில இருந்த டீம்தான் வேற.

எங்க திருமுருகன்பூண்டிப் பக்கம் துணியில கோடு விழுந்தா கட்டிங் மாஸ்டரை மாத்த மாட்டாங்க. நிட்டிங் மெசின்ல எந்த ஊசி போச்சுன்னு பார்ப்பாங்க. பனியன் கம்பெனிக்கு இருக்குற இந்த அறிவு காலேஜுக்கு இல்லையே!

நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜ்ல நாந்தான் கோல்கீப்பர். மூணாவது வருசம் புதுசா ஒரு கோச் வந்தார். டீமை முதல்ல இருந்து கட்டணும்னார். கேட்டது ஒண்ணே ஒண்ணு: சாயங்காலம் ஒரு மணி நேரம் பசங்களை விடுங்க. அரியர் இருக்கு, ஸ்பெஷல் கிளாஸ் இருக்குன்னு விடலை. பிராக்டிசுக்கு வந்தது நாலு பேர். அந்த நாலு பேருக்கும் அவர் ஒருநாள் விடாம வந்தார்.

ஜோனல்ல முதல் ரவுண்டுலயே வெளிய. மூணு கோல் வாங்குனது நான். வேலை போனது அவருக்கு. "கோச் சரியில்லை"ன்னாங்க. நாங்க பதினோரு பேரும் வாயைத் திறக்கலை. அது இன்னிக்கும் உறுத்துது.

அதனால மகாஜனங்களே, அடுத்த தடவை கோச்சை மாத்தணும்னு யாராவது கிளம்புனா, இருக்கிறவருக்கு என்ன கொடுத்தீங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் அன்னிக்குக் கேக்கலை.

டிஸ்கி: சென்னையின் ரசிகர்கள் கும்மணும்னா கும்மலாம். நானும் உங்க ஆளுதான்.