18 வயசுக்கு அப்புறம் என்ன? ஓசூர் ஆலைகளிடமே இருக்கிறது விடை

காலை ஐந்தரை மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்று பார்த்திருக்கிறீர்களா? வரிசையாக கம்பெனி பஸ்கள். சிப்காட்டுக்கு, சூளகிரிக்கு, தேன்கனிக்கோட்டை பக்கம், எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு. கழுத்தில் ஐடி கார்டு, காதில் இயர்போன், பாதித் தூக்கத்தோடு ஏறும் இளைஞர்கள். இந்த ஊரில் வேலைக்குப் போவது என்றால் முதலில் அந்த பஸ்ஸில் ஏறுவதுதான்.

அந்த பஸ்ஸைத் தினமும் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே திரும்பிப் போகும் சிலரும் இதே தெருக்களில் இருக்கிறார்கள். வயது இருபது, இருபத்தைந்து இருக்கும். உடம்பில் தெம்பு இருக்கிறது, வேலை செய்ய ஆசையும் இருக்கிறது. சிறப்புப் பள்ளிக்குப் போனார்கள், பதினெட்டு ஆனதும் அது முடிந்தது. அதற்குப் பிறகு டிவி, செல்போன், அம்மாவோடு கடைக்குப் போய் வருவது. "பையன் என்ன பண்றான்?" என்று யாராவது கேட்டால், "வீட்லதான் இருக்கான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு பக்கம் "ஆளே கிடைக்கலை" என்று ஹெச்.ஆர். புலம்புகிறார். இன்னொரு பக்கம் வேலைக்கு ஏங்கும் இளைஞர்கள் வீட்டில் இருக்கிறார்கள். இடையில் என்னதான் தடை?

யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. புதிய விஷயங்களைக் கற்பது, காரண காரியம் யோசிப்பது, பணம், நேரம், பயணம் போன்ற அன்றாடக் காரியங்களைச் சமாளிப்பது ஆகியவற்றில் சிறு வயதிலிருந்தே இருக்கும் தாமதம்தான் அறிவுசார் குறைபாடு. மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் நோய் இல்லை இது. ஆனால், சொல்லிக்கொடுக்கும் விதம் சரியாக இருந்தால் கற்றுக்கொள்ள முடியும். இவர்களில் பெரும்பாலானோருக்கு இருப்பது லேசான அளவுக் குறைபாடுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அதில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அவர்கள் விருப்பம்.

வேலைவாய்ப்பில் ஒரு முக்கியமான மாற்றமும் வந்தது. பழைய 1995 சட்டம் அரசுப் பணியில் 3 சதவீத இடஒதுக்கீடு தந்தது. ஆனால் அது பார்வை, செவித்திறன், உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும். அறிவுசார் குறைபாடு அந்தப் பட்டியலிலேயே இல்லை. 2016 சட்டம் ஒதுக்கீட்டை 4 சதவீதம் ஆக்கியது. அதில் ஒரு சதவீதத்தை அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். போட்டித் தேர்வு எழுதித்தான் அரசு வேலை என்கிற நாட்டில், அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் அந்தப் பங்கை எட்டிப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

தனியார் துறைக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. பணியாளர்களில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளாக இருப்பதை உறுதிசெய்ய அரசு ஊக்கச் சலுகை தர வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது.

ஆக, 18 வரை சட்டம் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறது. 19ஆம் வயதில் கையை விட்டுவிடுகிறது.

பயிற்சி மையத்தில் நடப்பது என்ன?

பள்ளிக்குப் பிறகு தொழிற்பயிற்சி மையங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. மெழுகுவர்த்தி, காகிதப் பை, பினாயில், மிதியடி. தமிழ்நாட்டில் எந்த மையத்துக்குப் போனாலும் பெரும்பாலும் இதே பட்டியல்தான். அங்கே உழைக்கும் ஆசிரியர்களின் பொறுமைக்கு முன்னால் நாமெல்லாம் ஒன்றுமே இல்லை. பிரச்சினை அவர்களிடம் இல்லை, அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

அந்த ஏற்பாடு, "முதலில் தயாராகட்டும், பிறகு வேலைக்கு அனுப்பலாம்" என்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால், "தயார்" என்று முடிவுசெய்வது யார்? இருபது வயதில் சேர்ந்தவர் முப்பத்தைந்து வயதிலும் "பயிற்சி பெறுபவர்" ஆகவே இருப்பார். ஓசூரில் வேலை இருப்பதோ வண்டி உதிரிபாகம், மின்னணுப் பொருள், ரோஜாத் தோட்டத்தில். மெழுகுவர்த்தி உருக்கக் கற்றவரை எந்த லைனில் சேர்ப்பார்கள்?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓரிடத்தில் கற்றதை வேறொரு இடத்துக்கு மாற்றிச் செய்வதுதான் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மிகவும் கடினமான காரியம். மையத்தின் மேசையில் கற்றதை ஆலையின் சத்தத்துக்கு நடுவே செய்யச் சொன்னால் மறுபடி அ, ஆ-விலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எனவே, எங்கே வேலை செய்யப்போகிறாரோ அங்கேயே கற்பதுதான் சரி.

ஒரு சைக்கிள் பிரேக் சொன்ன பாடம்

இது புதுசாக யாரோ சொன்ன யோசனை இல்லை. அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர் 1972இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். மிதமான, தீவிரமான அறிவுசார் குறைபாடு உள்ள 64 பேர். 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கை அசெம்பிள் செய்ய அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அதன் பிறகு 24 பாகங்கள் கொண்ட இன்னொரு பிரேக். அதுவரை இவர்களால் பைகளில் பொருள் போட்டு அடுக்கத்தான் முடியும் என்று உலகம் நம்பியிருந்தது. அவர்கள் பிரேக்கைக் கோத்துக் காட்டினார்கள்.

அவர் செய்தது இவ்வளவுதான். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்தார். பாகங்களின் ஒரு பக்கத்துக்கு வண்ணம் பூசினார். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அப்படிப் பூசியபோது இன்னும் வேகமாகக் கற்றார்கள். ஒருவர் கற்கவில்லை என்றால் குறை அவரிடம் இல்லை, சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பது கோல்டின் நிலை.

ஓசூர்க்காரர்களுக்கு இதைப் படித்ததும் ஒன்று உறைத்திருக்கும். "இதைத்தானே நாங்க தினமும் லைன்ல பண்றோம்!"

இந்த ஊருக்குத் தெரிந்த வித்தை

ஆமாம். ஒரு பைக்கை ஒரே ஆள் செய்வதில்லை. வேலையை நொடிக் கணக்கில் பிரித்து, ஒவ்வொருவருக்கும் நாலைந்து அசைவுகள்தான் தருகிறார்கள். ஒவ்வொரு மேசைக்கு மேலேயும் படம் போட்ட வேலை வழிமுறை அட்டை. நிறம் நிறமாக ட்ரேக்கள். தப்பான பக்கம் வைத்தால் உள்ளேயே நுழையாத ஜிக். இதற்கு ஜப்பானிய மொழியில் "போகா யோகே", அதாவது தவறு தடுப்பு.

அந்தச் சொல்லுக்கே ஒரு கதை உண்டு. டொயோட்டாவின் உற்பத்தி முறையோடு சேர்த்துப் பேசப்படும் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1960களில் இதற்கு முதலில் வைத்த பெயர் "பாகா யோகே". முட்டாள் தடுப்பு என்று பொருள். ஒரு தொழிற்சாலையில் அந்தச் சொல்லைக் கேட்ட பெண் தொழிலாளி, "நான் என்ன அவ்வளவு முட்டாளா?" என்று அழுதுவிட்டாராம். யார் வேண்டுமானாலும் தவறு செய்வார்கள், அதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை என்று உணர்ந்து, ஷிங்கோ பெயரை மாற்றினார்.

ஆக, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு எது நல்ல கற்பித்தல் முறையோ, அதே முறையில்தான் ஓசூர் ஆலைகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. சிறப்புப் பள்ளிகள் படாதபாடு பட்டு உருவாக்கும் ஏற்பாட்டை இந்த ஊரின் பொறியாளர்கள் சம்பளத்துக்கே செய்து தள்ளுகிறார்கள். இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓசூருக்கு இதில் முன்னனுபவமும் உண்டு. டைட்டன் தன் ஓசூர் கைக்கடிகார ஆலையில் 1980களின் பிற்பகுதியிலிருந்தே மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்துவருகிறது. ஆனால் பொதுவாகத் தொழில் துறையில் கதவு திறக்கும்போது முதலில் உள்ளே போவது செவித்திறன், உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள்தான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள்.

முதலில் வேலை, பிறகு பயிற்சி

உலகத்தில் இந்த முறைக்கு "ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு" என்று பெயர். முதலில் உண்மையான வேலையில், உண்மையான சம்பளத்தில் சேர்த்துவிடுவார்கள். கூடவே ஒரு ஜாப் கோச். முதல் சில வாரங்கள் அவர் பக்கத்திலேயே நிற்பார். வேலையைப் படிகளாகப் பிரித்துக் காட்டுவார், பஸ் ஏறப் பழக்குவார், கேன்டீனில் எப்படி வரிசையில் நிற்பது என்பது வரை சொல்லித்தருவார். போகப்போக வருகையைக் குறைத்துக்கொண்டு விலகிவிடுவார். சிக்கல் வந்தால் மட்டும் மறுபடி வருவார்.

அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996இல் தொடங்கிய "ப்ராஜெக்ட் சர்ச்" திட்டத்தில், பள்ளியின் கடைசி ஆண்டே வேலையிடத்தில்தான் நடக்கும். நம் பக்கத்திலும் உதாரணம் இருக்கிறது. கர்நாடகத்தின் ஹுப்பள்ளியில் 2017இல் அலினா ஆலம் தொடங்கிய "மிட்டி கஃபே"யில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் உட்பட மாற்றுத்திறனாளிகள்தான் சமைத்துப் பரிமாறுகிறார்கள். இன்று பெங்களூரு விமான நிலையத்தில் கடை இருக்கிறது. 2023இல் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே ஒன்று திறந்தார்கள்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா சார்?"

நியாயமான கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாதுகாப்பு? பிரஸ் மெஷினில் கொண்டுபோய் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கிட் பிரிப்பது, லேபிள் ஒட்டுவது, பேக்கிங், எண்ணி அடுக்குவது, கண்ணால் பார்த்துச் சோதிப்பது, ரோஜாக்களை நீளம் பார்த்துத் தரம் பிரிப்பது, கொத்து கட்டுவது. மற்றவர்கள் சலித்துப்போய் மூன்றே மாதத்தில் விட்டுவிட்டுப் போகும் வேலைகள் ஏராளம். அதற்காக எல்லோருமே ஒரே மாதிரி வேலையைத்தான் விரும்புவார்கள் என்று நினைப்பதும் தப்பு. சிலருக்கு அது சலிக்கும். அவர்களையே கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

டார்கெட்? முதல் மாதங்களில் வேகம் குறையத்தான் செய்யும். சூப்பர்வைசர் தலையில் மட்டும் அந்தச் சுமையைக் கட்டினால் திட்டம் அங்கேயே செத்துவிடும். அதற்குத்தான் கோச். அவருக்கான சம்பளம் யார் கொடுப்பது என்பதுதான் இந்த விவகாரத்தின் மையக் கேள்வி. பயிற்சி மையங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரும் பணத்தின் ஒரு பகுதி கோச்சுக்குப் போக வேண்டும் என்பது என் வாதம்.

சுரண்டல்? இந்தப் பயம் உண்மையானது. "சும்மா இருக்கிறதுக்கு ஏதோ கொடுக்கிறோமே" என்று பாதிச் சம்பளத்துக்கு ஆள் பிடிக்க கான்ட்ராக்டர்கள் வரிசைகட்டுவார்கள். எனவே குறைந்தபட்ச ஊதியம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. மூன்றும் இல்லாமல் ஒருவரைக்கூடச் சேர்க்கக் கூடாது. ஸ்டைபண்டில் காலவரையின்றி வைத்திருக்கவும் கூடாது.

எல்லை ஊரின் தனிச் சிக்கல்

ஓசூர் வீடுகளில் தெலுங்கு, தெருவில் தமிழ், வேலையில் கன்னடமும் இந்தியும். நமக்கு அது பெருமை. ஒரே மொழியில் நிதானமாகச் சொன்னால் மட்டும் புரியும் ஒருவருக்கு அது சுவர். படம் போட்ட அட்டைகள் இங்கே இரட்டிப்பாகத் தேவைப்படுகின்றன.

அடுத்தது, ஷிஃப்ட். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஷிஃப்ட் போகும் வீட்டில், வளர்ந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேலையை விட வேண்டியிருக்கும். அது பெரும்பாலும் அம்மாதான். மகனுக்கோ மகளுக்கோ ஒரு வேலை கிடைத்தால் அந்த வீட்டில் இரண்டு பேர் வேலைக்குத் திரும்புகிறார்கள்.

சிறப்பு சிகிச்சை, மதிப்பீடு, நல்ல மையங்கள் என்று தேடினால் 40 கிலோமீட்டர் தள்ளி பெங்களூரு இருக்கிறது. மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும். மாநில அரசின் உதவிகளோ எல்லைச் சோதனைச் சாவடியோடு நின்றுவிடும். ஆலைகளின் பஸ் மட்டும் தினமும் இரண்டு பக்கமும் ஓடுகிறது.

என்ன செய்யலாம்?

அரசு: உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு அரசு செயல்படுத்தும் "உரிமைகள்" திட்டத்தில் "விழுதுகள்" சேவை மையங்கள் அமைக்கப்படுகின்றன. தெரபிக்கு ஆள் வைப்பதுபோல, தொழிற்பேட்டை உள்ள ஊர்களில் ஜாப் கோச்சையும் அங்கே நியமிக்கலாம். பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் வாரத்துக்குச் சில நாள் ஆலையிலோ தோட்டத்திலோ பழகவிடலாம்.

ஆலைகள்: அப்ரன்டீஸ் விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களைச் சேர்க்க வேண்டும். அந்த இடங்களில் இரண்டு மூன்றை இவர்களுக்குத் திறந்து, காலக்கெடு முடிந்ததும் வேலையில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். சி.எஸ்.ஆர். பணத்தில் சிறப்புப் பள்ளிக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்வதைவிட இது கடினம்தான். பலன் நிற்கும்.

நீங்கள்: இதைப் போனில் படிக்கும் உங்களில் பலர் லைன் இன்ஜினியர்கள், ஹெச்.ஆர். எக்ஸிகியூட்டிவ்கள், டீம் லீடர்கள். நாளை ஷிஃப்டில் உங்கள் லைனை ஒருமுறை வேறு கண்ணால் பாருங்கள். எந்த மேசையின் வேலையை ஐந்து படங்களில் சொல்லிவிட முடியும்? அந்த ஒரு மேசையைக் குறித்துக்கொண்டு பக்கத்துச் சிறப்புப் பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். ஆசிரியர்களை ஆலைக்கு வரச்சொல்லிக் காட்டுங்கள். அரசாணை வரும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒருவர் வந்து சேர்ந்தால் அவருக்குத் தனியாகச் சலுகை எதுவும் வேண்டாம். பளிச்சென்ற படம், ஒரே மாதிரி ட்ரே, நிதானமாகச் சொல்லும் ஒரு ஆள். பிறகு, மற்ற எல்லோருக்கும் இருப்பதுபோல கழுத்தில் ஒரு ஐடி கார்டு, காலை ஐந்தரை மணி பஸ்ஸில் ஒரு சீட்.