சொந்தக்காரரே வேண்டாம் என்ற பாலம்

நம் பக்கத்தில் வளைவுப் பாலத்தைக் கண்களை எண்ணித்தான் சொல்வோம். அந்தக் கணக்கில் வட இங்கிலாந்தின் ரிபிள்ஹெட், 24 கண் பாலம். யார்க்‌ஷரில், வெர்ன்சைடு மலையடிவாரத்துச் சதுப்புவெளியில், 400 மீட்டர் நீளத்துக்கு லேசாக வளைந்து நிற்கிறது. உயரம் 32 மீட்டர்.

கட்டிய மிட்லண்ட் ரயில்வேக்கே இது வேண்டியிருக்கவில்லை. ஸ்காட்லாந்துக்குப் போகப் போட்டிக் கம்பெனியின் பாதையை நம்பியிருந்து சலித்து, 1866இல், இந்தப் பாலம் இருக்கும் செட்டில்–கார்லைல் பாதைக்கு அனுமதி வாங்கியது. போட்டியாளரோடு சமரசம் கூடிவந்ததும், 1869இல் கைவிட அனுமதி கேட்டது. நாடாளுமன்றம் மறுத்துவிட்டது.

வேண்டாவெறுப்பாகத் தொடங்கியவர்கள் ஏனோதானோவென்று கட்டவில்லை. 1870இல் வேலை தொடங்கியது. சதுப்பை 25 அடி வரை தோண்டிப் பாறையைத் தொட்ட பிறகே தூண் எழுப்பினார்கள். கம்பளி மூட்டைகளின்மேல் நிற்கிறது என்று உள்ளூரில் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை பாறைதான். தூண்கள் சுண்ணாம்புக்கல், வளைவுகளின் உட்புறம் செங்கல். ஆறு தூணுக்கு ஒன்றைத் தடிமனாக வைத்தார்கள். ஒரு வளைவு சரிந்தாலும் வரிசை முழுதும் விழாமல் அது தடுத்து நிறுத்தும். விழுந்துவிடுமோ என்று பயந்து செய்த ஏற்பாடு, தூரத்திலிருந்து பார்க்கும்போது தாளத்தில் விழும் அழுத்தம்போல் இருக்கிறது. இந்தப் பாலத்தின் அழகில் பாதி அந்தப் பயம் தந்தது என்றே நான் நினைக்கிறேன்.

கட்டியவர்கள் குடும்பத்தோடு இந்தச் சதுப்பிலேயே குடிசை போட்டுத் தங்கினார்கள். விபத்தும் பெரியம்மையும் வாரிக்கொண்டு போயின. அருகிலுள்ள சேப்பல்-லி-டேல் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் ஆண், பெண், குழந்தை என்று சுமார் 200 பேரைப் புதைத்தார்கள். இடம் போதாமல் தோட்டத்தையே விரிவாக்க வேண்டியிருந்தது. இறந்தவர்களுக்கான நினைவுப் பலகைக்குக் கம்பெனியோடு சேர்ந்து பணம் கொடுத்தவர்கள், உடன் உழைத்த கூலிகள். பாலத்தைப் படமெடுத்துத் திரும்புகிறவர்கள் அந்தப் பலகையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும்.

1980களில் மறுபடியும் அதே கதை. பாலம் பழுதாகிவிட்டது, செலவு தாங்காது என்று, அப்போதைய சொந்தக்காரரான பிரிட்டிஷ் ரயில் நிறுவனம் பாதையையே மூட முனைந்தது. பயணிகளும் ஊர்க்காரர்களும் ஆயிரக்கணக்கில் மறுப்பு எழுதினார்கள். 1989இல் அரசு, மூட அனுமதிக்க முடியாது என்றது. பிறகு பழுது பார்த்ததில், பயமுறுத்திய தொகை அளவுக்குச் செலவாகவில்லை.

இரட்டைப் பாதைக்காகக் கட்டிய அந்த அகலத்தில் 1985 முதல் ஒற்றைத் தண்டவாளம்தான். அதில் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கடந்துபோகின்றன.