சுட்டிக் காட்டும் விரல்கள்

ஹட்டன் எவ்வாறு ஒரு நகரமாயிற்று என்று உயர்தர வகுப்பு மாணவரிடம் ஒருநாள் வினவினேன். "தேயிலையால், சேர்" என்றான் ஒருவன். தேயிலை நாற்புறமும்தான் விளைகிறது. "புகையிரதத்தால்" என்றாள் ஒரு மாணவி. அது பாதி விடை. 1884ஆம் ஆண்டு ஹட்டனை வந்தடைந்த இருப்புப்பாதை, மறு ஆண்டே நானுஓயாவுக்கும் சென்றுவிட்டது. வழியிலுள்ள நிலையங்கள் யாவும் நகரங்களாகிவிடவில்லையே! டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்னும் பகுதிகளிலிருந்து வரும் சாலை இருப்புப்பாதையைச் சந்திக்கும் இடம் ஹட்டன். அவ்விடத்து மண்ணுக்குத் தனிச்சிறப்பு ஒன்றுமில்லை. பிற இடங்களிலிருந்து அதனை நோக்கி வரும் வழிகளே அதற்குச் சிறப்பைத் தந்தன.

இப்பூகோள பாடத்தை இங்கே நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அண்மையில் என்னைக் காண வந்த பழைய மாணவர் ஒருவர். மஸ்கெலியாவுக்கு அப்பால், நல்லதண்ணிக்குச் செல்லும் வழியில், சிவனொளிபாதமலை யாத்திரிகர் தங்குவதற்கென மூன்று அறைகள் கட்டியிருக்கிறார். தந்தையார் தேயிலை ஆலையில் உழைத்துப் பெற்ற சேமலாப நிதிப் பணம் முழுவதும் அதில் முடங்கியிருக்கிறது. தாயார் இன்னமும் கொழுந்து பறிக்கிறார். யாத்திரைக் காலமோ டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி, மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிந்துவிடும். அதற்குள் கிடைப்பதே ஆண்டு முழுவதற்கும் ஆகவேண்டும்.

விடுதிக்கென இணையத்தில் ஒரு தளம் திறந்தார். கூகுளில் தேடுவோருக்கு அது மூன்றாம், நான்காம் ஏட்டில் தென்பட்டது. அத்தனை தூரம் பொறுமையாகப் புரட்டிப் பார்ப்பவர் யார்? அவ்வேளையில் விளம்பரத் தொழில் செய்யும் ஒரு நிறுவனத்தார், "ஆயிரம் இணைப்புகள் பெற்றுத் தருகிறோம்; முதல் ஏட்டுக்கு வந்துவிடுவீர்கள்" என்று சொல்லி நாற்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டனர். சில மாதங்கள் சென்றன. முதல் ஏட்டுக்கு வரவேண்டிய தளம் எந்த ஏட்டிலுமே இல்லாமற் போயிற்று. இயற்கைக்கு மாறான இணைப்புகள் காணப்படுவதாகக் கூகுள் நிறுவனத்திடமிருந்து ஓர் அறிவித்தல் மட்டும் வந்தது.

"இணைப்பு என்பது நல்லதுதானே, சேர்? அது எப்படிக் கெடுதி செய்யும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

இணையம் தோன்றிய காலத்தில், தேடுபொறிகள் சொற்களை எண்ணியே பக்கங்களை வரிசைப்படுத்தின. 'தேயிலை' என்ற சொல் எந்தப் பக்கத்தில் அதிகமோ அது முன்னே வரும். வியாபாரிகள் விடுவார்களா? வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, கண்ணுக்குத் தெரியாமல் ஒரே சொல்லை நூறு தடவை எழுதி வைத்தனர். தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பினால் வேறென்ன நடக்கும்? 1996ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் இருவரும் இதனைத் தலைகீழாக்கினர். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதை விட்டு, மற்றப் பக்கங்கள் அதனை எத்துணை சுட்டிக் காட்டுகின்றன என்று பார்த்தனர். அவ்வாறு பின்னோக்கிப் பார்த்ததனாலேயே தம் முதற் பொறிக்கு 'பேக்ரப்' என்று பெயரிட்டனர். அதுதான் பின்னர் கூகுள் எனப் பெயர் மாறி, 1998ஆம் ஆண்டு ஒரு நிறுவனமாயிற்று.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் அவர்கள் கண்டனர். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நற்சான்றுக் கடிதம் தேடி அலைவதை நாம் அறிவோம். ஊரறிந்த அதிபர் ஒருவரின் கடிதத்துக்கு ஒரு மதிப்பு. முன்பின் அறியாதவர் கடிதத்துக்கு வேறொரு மதிப்பு. அதே அதிபர் கேட்டவருக்கெல்லாம் கையெழுத்திட்டுக் கொடுப்பவரானால், அவர் கடிதத்தின் கனமும் குறைந்துவிடுகிறது. பேஜின் கணக்கும் இதுவே. மதிப்புள்ள பக்கத்திலிருந்து வரும் இணைப்புக்கு மதிப்பு அதிகம். அப்பக்கம் எத்தனை பேரைச் சுட்டுகிறதோ, அத்தனை பங்காக அம்மதிப்பு பிரிந்துவிடும்.

கணிதம் கற்கும் மாணவர் இதனை இன்னொரு வகையாகவும் நினைத்துப் பார்க்கலாம். வழி தெரியாத அந்நியன் ஒருவனைத் தோட்டத்தில் விட்டுவிடுகிறோம். எதிர்ப்படும் ஒற்றையடிப் பாதைகளில் ஏதேனும் ஒன்றைப் பிடித்து அவன் நடந்துகொண்டே இருக்கிறான். நடையில் சலிப்புற்றால், நூற்றில் பதினைந்து தடவை, பறந்து சென்று வேறோர் இடத்தில் இறங்குகிறான் என்றும் வைத்துக்கொள்வோம். நெடுநேரம் சென்றபின் அவனை எங்கே தேடுவது? பாதைகள் பல வந்து கூடும் கொழுந்து மடுவத்தருகே தேடினால் அகப்படுவான்; ஆற்றோரத்துக் கடைசி மலையில் அகப்படுவது அரிது. அவன் ஓரிடத்தில் அகப்படக்கூடிய வாய்ப்பின் அளவே அப்பக்கத்தின் மதிப்பெண்.

இக்கருத்து வானத்திலிருந்து விழுந்ததன்று. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பின்வந்த கட்டுரைகள் எத்தனை மேற்கோள் காட்டின என்று தொகுக்கும் சுட்டியை, யூஜீன் கார்பீல்ட் என்னும் அமெரிக்கர் 1964இலேயே வெளியிட்டார். நாமோ மேற்கோளின் வலிமையை அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே கண்டவர்கள். ஐம்பெருங் காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழு நூல்களாக நமக்குக் கிடைத்தில. உரையாசிரியர்கள் எடுத்தாண்ட செய்யுட்களும் புறத்திரட்டில் சேர்ந்த செய்யுட்களுமே அவற்றின் எச்சம். யாரோ ஒருவர் சுட்டிக் காட்டியதனால் அவை பிழைத்தன. எவரும் சுட்டாத நூல்கள் எத்தனை கரையானுக்கு இரையாயினவோ!

மாணவரின் கேள்விக்கு வருகிறேன். கடிதத்துக்கு மதிப்பு உண்டென்றதும், கடிதம் எழுதி விற்பவர் தோன்றிவிட்டனர். எவரும் வாசிக்காத தளங்களை நூற்றுக்கணக்கில் படைத்து, அவற்றிலிருந்து பணம் கொடுத்தவரின் தளத்தைச் சுட்டுவது ஒரு தொழிலாயிற்று. பெரிய இடத்தாரும் இதற்கு விலக்கல்லர். ஜே. சி. பென்னி என்னும் புகழ்பெற்ற அமெரிக்க வியாபார நிறுவனம், தொடர்பேயற்ற தளங்களிலிருந்து வந்த இணைப்புகளின் பலத்தால் தேடல் வரிசையின் உச்சியில் நின்றதை, 2011 பெப்ரவரியில் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகை அம்பலப்படுத்தியது. இணைப்புகளை வாங்கியது தாமல்லர் என்று அந்நிறுவனத்தார் கூறினர். எனினும் கூகுள் அதனைக் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் 'பென்குவின்' என்னும் பெயரில் ஒரு புதிய சல்லடையையும் வைத்தது. அதன்பின் போலி இணைப்பு, பயனற்றது என்ற நிலை மாறித் தீங்கானது என்ற நிலை வந்தது.

நம் தோட்டங்களின் பழைய வரலாற்றில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளரின் கடனை யார் செலுத்துகிறாரோ அவரிடம் அவர்களை விட்டுவிடுவதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு, கூடிய முற்பணம் தரும் தோட்டத்தைத் தேடிச் செல்வார். சீட்டில் தொகை ஏறும். உழைப்பவனுக்கு ஏறுவது கடன் ஒன்றே. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. மக்களின் துயரத்தை ஒரு வியாபாரத் தந்திரத்தோடு ஒப்பிடுவது தகாது. அவ்வொப்புமையை நான் கருதவுமில்லை. சீட்டுக்கு விலை ஏற ஏறப் பொருளுக்கும் மதிப்பு ஏறுவதாக எண்ணிய மயக்கம் ஒன்றே இங்கு ஒத்தது.

என் மாணவர் செய்யவேண்டியிருந்தது சலிப்பூட்டும் வேலை. தம்மைச் சுட்டிய தளங்களின் பட்டியலைத் தயாரித்து, அவற்றை நீக்குமாறு ஒவ்வொருவருக்கும் எழுதினார். பதில் தந்தவர் சிலரே. எஞ்சியவற்றை, 'இவற்றைக் கணக்கில் எடுக்கவேண்டாம்' என்று கூகுளுக்கே அறிவித்து, மறுபரிசீலனை வேண்டி மனுச் செய்தார். அதற்கிடையில் ஒரு யாத்திரைக் காலம் கழிந்துவிட்டது. வங்கிக் கடன் தவணை இரண்டு நின்றுபோயின.

நான் சொன்ன யோசனை ஒன்றுதான். அறைகளின் படங்களை விட்டு, பிறர் நாடி வரத்தக்க ஏதேனும் ஒன்றை அப்பக்கத்தில் எழுதும்படி சொன்னேன். நல்லதண்ணியில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாததா? ஹட்டனிலிருந்து பஸ் எங்கே மாறவேண்டும், சூரியோதயத்துக்கு முன் உச்சியை அடைய எத்தனை மணிக்குப் புறப்படவேண்டும், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் முதியோர் எங்கே இளைப்பாறலாம், 7,359 அடி உயரத்தில் குளிருக்கு எதைப் போர்த்துவது என்றெல்லாம் எழுதினார். டல்ஹௌசி என்றும் நல்லதண்ணி என்றும் ஊருக்கு இரு பெயர். மலைக்கோ அதனினும் அதிகம். அத்தனையையும் குறிப்பிடச் சொன்னேன். எந்தப் பெயரால் தேடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இணைப்பின் பலம் முன்புபோல் இப்போது இல்லையென்று கூகுள் நிறுவனத்தாரே கூறிவருகின்றனர். இருக்கலாம். ஆனால் என் வகுப்பில் நான் கண்ட ஒன்றை இங்கே சொல்லவேண்டும். மாணவி ஒருத்தி தன் தோட்டத்தின் பெயரை இட்டுத் தேடினாள். வந்தவையெல்லாம் பழைய துரை பங்களா விடுதியாக மாறியிருப்பதைப் பற்றிய பக்கங்களே. உலகின் பிரயாணப் பத்திரிகைகள் அதனைச் சுட்டுகின்றன. லயத்தையும், கோயில் திருவிழாவையும், மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று நம்மவர் வழங்கும் பெயர்களையும் சுட்டுவார் எவருமிலர். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் மலையகத்துப் பழைய சஞ்சிகைகளும் நூல்களும் உள்ளன. அவற்றைத் தேடி எடுத்து, தம் கட்டுரைகளில் இணைப்புடன் குறிப்பிடுமாறு மாணவரைப் பணித்திருக்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும்போதும் அப்படியே. விக்கிப்பீடியாவின் வெளியிணைப்புகளில் 'பின்தொடரவேண்டாம்' என்ற குறி இடப்பட்டிருக்கும். அதனால் வரிசையில் ஏற்றம் கிடைக்கும் என்று நம்பவேண்டியதில்லை. ஆயினும் பொறி பின்தொடராவிட்டாலென்ன, வாசகர் பின்தொடர்வார்.

விடுதி பழையபடி மூன்றாம் ஏட்டுக்கு வந்துவிட்டதாகச் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னார் மாணவர். மலையேற வந்த வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் தம் பிரயாணக் குறிப்பில் அவர் தளத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறாராம். காசு கொடுக்காமல் கிடைத்த முதல் இணைப்பு. 'விடியற்காலையில் வெந்நீர் கிடைக்கும் வீடு' என்று அதில் எழுதியிருப்பதைத் தாயாருக்குப் படித்துக் காட்டினாராம்.

"தண்ணி காய வைக்கிறது நானு. என் பேரு அதுல இருக்கா தம்பி?" என்று கேட்டாராம் அந்த அம்மாள்.